பிளெய்க்கும் தொண்ணூறு மாணாக்கரும்

விளையாட்டுத் திடலைப்பற்றி எழுதுவதற்குத் தமிழ் பயிலும் மாணவர்க்கு யாது உரிமை என்று வினவுவார் உளர். இலக்கணமும் இலக்கியமும் கற்பார் கவலைப்பட வேண்டுவன வேறு பல உள என்பது அவர் கருத்து. யாம் அதனை ஒப்புகின்றிலோம். ஒரு கலாசாலையின் உள்ளத்தை அறிய வேண்டின் அதன் வகுப்பறைகளை மட்டும் நோக்கினாற் போதாது. பரீட்சை மண்டபத்தையும் ஆட்டத்திடலையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிய வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் 1951-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதன் நடுவே அகப்பட்டு நின்றவர் ஓர் ஆட்ட ஆசிரியர். அவர் செய்தது சரியா தவறா என ஆராய்வதே எமது நோக்கம். தன் நண்பன் பிழை செய்யக் கண்ட மாணவன் யாது செய்தல் வேண்டும் என்னும் வினா அவ்வழக்கில் எழுந்தது. அவ்வினா எழாத மாணவர் விடுதி உலகில் எங்கும் இல்லை.

அவ்வாசிரியர் பெயர் ஏர்ல் பிளெய்க். அவர் நாட்டார் ஒலிக்கும் முறையில் எழுதின் நம்மவர் ஒரு கொடிய நோயை நினைந்து அஞ்சுவர். ஆதலின் எழுத்தைத் தழுவிப் பிளெய்க் என்றே எழுதுகின்றோம். செம்பட்டை மயிர் உடையவராதலின் ‘சிவப்பர்’ என்பது நண்பர் இட்ட பெயர். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஒருவர்க்கு மகனாக 1897-இல் டிட்ராய்ட் நகரிற் பிறந்து, ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் வளர்ந்தார். முதலில் அம்மாகாணத்து மயாமி சர்வகலாசாலையிலும், பின்னர் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கலாசாலையிலும் பயின்று 1920-இல் தேர்ச்சி பெற்றார். சில காலம் குதிரைப் படையிற் பணிபுரிந்து, 1922-இல் அதனைத் துறந்து, தந்தையின் தொழிலிற் கூடினார். வீடு கட்டும் தொழிலிலே மனம் முழுதும் செல்லவில்லை போலும். ஆட்டப் பருவந்தோறும் உதவி ஆசிரியராகச் சென்று வந்தவர், 1934-இல் டார்ட்மத் கலாசாலையின் தலைமை ஆட்ட ஆசிரியரானார்.

மேற்செல்லுமுன் அவ்வாட்டத்தைப்பற்றிச் சில சொல்லவேண்டும். நம் நாட்டிற் கால்பந்து என வழங்குவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது வேறு. அவர் பந்து முட்டை வடிவினது. அதனைக் காலால் உதைப்பது சிறுபான்மை. கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. பக்கத்துக்குப் பதினொருவர். திடல் நூறு கஜ நீளம். பந்தை உடைய அணி நான்கு முறைக்குள் பத்துக் கஜம் முன்னேறுதல் வேண்டும். இன்றேற் பந்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் ஆறு எண். கம்பங்களுக்கு இடையே உதைத்துச் செலுத்தினால் மூன்று எண். ஒருவன் மேல் ஒருவன் விழுந்து புரளும் இதனை ஆட்டம் என்பதா போர் என்பதா என ஐயுறுவார் ஐயுறுக. ஒவ்வொரு முறைக்கும் முன்னே கூடிச் சூழ்ந்து திட்டம் வகுத்து, பதினொருவரும் ஒரு கையின் விரல்கள்போல் இயங்க வேண்டுதலின், ஆட்டுவிக்கும் ஆசிரியர்க்கு இதில் உள்ள பங்கு மிகப் பெரிது. நான்கு முறை என்னும் விதியை வாசகர் நினைவில் வைப்பாராக.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள். பிளெய்க்கின் டார்ட்மத் அணி கார்னெல் சர்வகலாசாலை அணியைத் தன் சொந்தத் திடலில் எதிர்த்து நின்றது. கார்னெல் அணியோ தொடர்ந்து பதினெட்டு ஆட்டங்களில் தோல்வி காணாதது. நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்று. ஆட்டம் முடியும் தறுவாயிலும் டார்ட்மத்தே 3-0 என மேம்பட்டு நின்றது. இறுதி வினாடிகளிற் கார்னெல் அணி எல்லைக்கோட்டின் அருகே வந்துவிட்டது. நான்கு முறையும் முயன்று தோற்றது. விதிப்படி பந்து டார்ட்மத்துக்கு உரியது. ஆனால் நடுவர் குழப்பத்தில் எண்ணிக்கை தவறிக் கார்னெலுக்கு ஐந்தாம் முறையும் கொடுத்துவிட்டார். அம்முறையிற் பந்து கோட்டைக் கடந்தது. 7-3 என வெற்றி கார்னெலுக்கு என்று அறிவிக்கப்பட்டது.

அக்காலத்தே ஆட்டங்களைப் படம் பிடித்துப் பின்னர் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. கார்னெல் ஆசிரியர் தம் படத்தையே போட்டு எண்ணினர். ஐந்து முறை என்பது தெளிவாயிற்று. நடுவரும் தம் பிழையை வெளிப்பட ஒப்பினார். ஆயினும் முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற விதியில் இடமில்லை. எவரும் கார்னெலைக் கட்டாயப்படுத்த இயலாது. அந்நிலையில் அச்சர்வகலாசாலையார் தாமே முன்வந்து, வெற்றி எமதன்று, உமதே எனத் தந்தி அடித்தனர். டார்ட்மத்தார் ஏற்றனர். 3-0 என்பதே இன்றளவும் ஏடுகளில் நிற்கும் முடிவு. அடுத்த வாரத்திற் கார்னெல் அணி பென்சில்வேனியாவிடமும் 22-20 எனத் தோற்றது. உண்மை சொன்னாரைப் பாராட்டி உலகம் உடனே கைம்மாறு அளித்துவிடுவதில்லை.

இந்நிகழ்ச்சியைச் சற்றே விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. எழுதப்பட்ட சட்டமும், உளவு கூறுவாரும், தண்டனை அச்சமும் எவையும் இன்றி மானம் என்பது தன் இயல்பில் எவ்வாறு விளங்கும் என்பதை அன்று பிளெய்க் நேரிற் கண்டார். கண்டதோடு அதன் பயனையும் தாமே துய்த்தார். சட்டமும் தண்டனையும் நிரம்பிய மற்றோர் இடத்திற்கு அடுத்த ஆண்டே அவர் சென்றார்.

வெஸ்ட் பாயின்ட் என்பது ஹட்ஸன் ஆற்றங்கரையில், நியூயார்க் நகருக்கு வடக்கே சுமார் ஐம்பது மைல் தொலைவில், 1802-இல் நிறுவப்பட்ட இராணுவக் கலாசாலை. அதன் ஆட்ட அணி 1940-இல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வென்றது. மானம் இழந்த படையை மீட்கப் பழைய மாணாக்கராகிய பிளெய்க்கை 1941-இல் அழைத்தனர். அவர் வந்தார், மீட்டார். 1944-இல் ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அவ்வாண்டிற் பெற்ற எண்கள் 504, எதிரிகள் பெற்றன 35. புகழ்மிக்க நோட்டர் டேம் அணியை 59-0 எனத் தோற்கடித்தனர். 1945-இலும் தோல்வி இல்லை. 1944 முதல் 1947 வரை 32 ஆட்டங்கள் தோல்வியறியாதன. பிளாஞ்சர்ட், டேவிஸ் என்னும் இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில், 1945-இலும் 1946-இலும், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்க்குரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்றனர். ஒருவர் மத்தியில் மோதிப் பிளப்பார். மற்றவர் ஓரமாகப் பறப்பார்.

இவ்வெற்றிகளைப் பாடுவார் பலர். யாம் ஒரு சொல் குறைத்தே பாடுவோம். அவை போர்க்காலத்து வெற்றிகள். ஏனைய கலாசாலைகளின் இளைஞர் படையிற் சேர்ந்து கடல் கடந்து சென்றுவிட, இராணுவக் கலாசாலைக்கு மட்டும் நாட்டின் வலியோர் பலர் வந்து குவிந்தனர். வீரர் இல்லாத ஊரில் வாகை சூடுதல் பெரிதன்று. எனினும் வலியோர் பலரைச் சேர்த்து ஒரு நெறிப்படுத்துவது எளிதன்று என்பதையும் மறத்தல் கூடாது. போர் முடிந்து எல்லாரும் திரும்பிய 1946-இல் நோட்டர் டேமோடு ஆடிய ஆட்டம் 0-0 எனச் சமமாய் முடிந்ததே அவர் திறத்துக்குச் சரியான உரைகல் என்பது எமது கருத்து.

அவர் கற்பித்த முறை தனியது. உரத்த கூச்சலும் வசைமொழியும் ஆட்ட ஆசிரியர்க்கு அணி என்று கருதப்பட்ட உலகில், அவர் நாவிலிருந்து தீச்சொல் பிறந்ததில்லை என்பர். ஆட்டப் படங்களை மீண்டும் மீண்டும் ஓட்டி, ஒரு வீரனின் ஓர் அடிவைப்பை நூறு முறை நோக்கி, அதிற் பிழை கண்டு மறுநாள் திருத்துவார். எதுகை மோனை பார்த்து வெண்பாவைச் செப்பம் செய்யும் பழைய தமிழாசிரியரே எமக்கு நினைவுக்கு வருகின்றார். அவரிடம் உதவியாளராய் இருந்து பின்னர்த் தலைமை ஆசிரியரானோர் ஒரு கூட்டம். அவருள் வின்ஸ் லோம்பார்டி என்பவர் 1949 முதல் 1953 ஆட்டப் பருவம் வரை அங்கே இருந்து, பிற்காலத்தில் தொழில் அணிகளை ஆட்டுவித்து ஆசிரியரினும் பெரும்புகழ் எய்தினார். அமெரிக்கத் தொழில் அணிகளின் இறுதி வெற்றிக்கு இன்று வழங்கும் கிண்ணம் லோம்பார்டி பெயரது.

இனி 1951-க்கு வருவோம். வெஸ்ட் பாயின்ட்டில் மாணாக்கர்க்கென ஒரு மானநெறி உண்டு. பொய் சொல்லாமை, வஞ்சியாமை, திருடாமை ஆகியன அதன் கூறுகள். இவற்றோடு நில்லாது, பிறன் இவற்றைச் செய்யக் கண்டும் வாளாவிருத்தலும் குற்றமே என்பது அங்குள்ள வழக்கு. கண்டவன் சொல்லியே தீரவேண்டும். சொல்லாதவனும் செய்தவனோடு ஒக்க வெளியேற வேண்டும். இந்நெறியைக் காப்போரும் மாணாக்கரே. கேட்கும்போது மாட்சிமை மிக்கதாகவே தோன்றுகின்றது.

ஆனால் அதே கலாசாலையில் வேறொரு வழக்கமும் இருந்தது. மாணாக்கர் இரு பெரும் பிரிவினராக வகுக்கப்பட்டிருந்தனர். ஒரு பிரிவினர்க்கு இன்று கொடுத்த வினாக்களையே மற்றப் பிரிவினர்க்கு மறுநாளும் கொடுப்பார்கள். இரு பிரிவினரும் ஒரே உண்டிச்சாலையில் உண்பவர். ஒரே திடலில் ஆடுபவர். நாள்தோறும் பரீட்சை, நாள்தோறும் மதிப்பெண். மாலைவரை ஆட்டப் பயிற்சியில் வருந்தி, இரவில் அயர்ந்து நூலைத் திறக்கும் ஆட்டக்காரனுக்குப் பாடஞ் சொல்லித்தர வந்த நண்பன், “இன்று எமக்கு வந்த கணக்கு இது” என்று சொன்னால், அது உதவியா வஞ்சனையா? முதலில் உதவியென்றே தொடங்கியிருக்கும். சிறிது சிறிதாக வஞ்சனையாய்ப் பழுத்தது. கரையான் கதவைத் தின்னுங்கால் ஓசை எழுவதில்லை.

1951-ஆம் ஆண்டு இளவேனிலிற் செய்தி மேலிடத்துக்கு எட்டியது. விசாரணை நடந்தது. லேர்னெட் ஹாண்ட் என்னும் பெயர்பெற்ற நீதிபதியும் படைத்தலைவர் இருவரும் அமர்ந்த குழு ஒன்று வழக்கை நோக்கி, தண்டித்தலே தகும் என்றது. ஆகஸ்ட் 3-ஆம் நாள், சுமார் 90 மாணாக்கர் வெளியேற்றப்படுவர் என அரசாங்கம் அறிவித்தது. அவருட் கால்பந்து ஆடுவோர் முப்பதின்மேலானோர். முந்தின ஆண்டில் ஒன்பதில் எட்டு வென்ற அணி ஏறக்குறைய முழுதும் போயிற்று. அணியின் நடுநாயகமாய் நின்று பந்தெறியும் இளைஞனும் அவருள் ஒருவன். அவன் பெயர் பாப் பிளெய்க். ஆட்ட ஆசிரியரின் மகன்.

தேர்க்காலிற் கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் ஒரே மகனைத் தேர்க்காலிலிட்ட சோழன் கதையிலே வளர்ந்தவர் நாம். தம் மக்கள் செய்த தீமையை அறிந்தும் அடக்காத ஏலி என்னும் ஆசாரியனின் முடிவைச் சாமுவேலின் ஆகமத்திற் படித்தும் இருக்கின்றோம். இவ்விரு கதைகளையும் கையிற்கொண்டு பிளெய்க்கை அளப்பது எளிது. சோழனாய் நின்றாரில்லை, ஆதலின் ஏலியே என்று தீர்த்துவிடலாம். அவ்வாறு தீர்ப்பதற்கு எம் மனம் இசையவில்லை.

அவர் செய்தது யாது? முதலிற் பதவி துறக்கவே எண்ணினார். தாம் மாணாக்கராய் இருந்தபோது அக்கலாசாலைத் தலைவராய் இருந்தவரும், அவ்வாண்டிலேதான் கொரியப் போரின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு வந்தவருமான தளபதி மக்கார்தரை நியூயார்க்கிற் சென்று கண்டார். எதிரி சுடும்போது இடம் விட்டுப் பெயராதே என்பது அம்முதுவர் கூறிய அறிவுரையின் சாரம். பிளெய்க் தங்கினார். சில நாளில், நகரத்து உணவுச்சாலை ஒன்றிற் பத்திரிகையாளரைக் கூட்டி, இவ்விளைஞர் நல்லவர், மானமுள்ளவர், இவரைக் கயவர் என எழுதாதீர் என்று வேண்டினார். செனட்டர் புல்பிரைட் போன்றார் இராணுவக் கலாசாலைகளிற் கால்பந்தையே நிறுத்திவிடுக என முழங்கிய நேரம் அது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கூடைப்பந்து ஆடும் மாணவர் சிலர் சூதாடிகளிடம் கைக்கூலி பெற்று ஆட்டத்தை விற்றது வெளிப்பட்டிருந்தது. மக்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணினர். வெஸ்ட் பாயின்ட் மாணாக்கர் மேல் காசுக்கு விலைபோனார் என்னும் குற்றம் நிலைநாட்டப்படவில்லை என்பதைப் பொறுமையாய்ப் பிரித்துணர்வார் அன்று மிகச் சிலர்.

பிற்காலத்தில் 1960-இல் வெளிவந்த தம் நூலில், இவ்வழக்கைக் கூறும் பகுதிக்கு அவர் இட்ட பெயர் ‘தொண்ணூறு போக்காடுகள்’ என்னும் பொருளுடையது. நம் வேதாகமத் தமிழில் லேவியராகமம் படித்தவர்க்குப் போக்காடு என்னும் சொல் புதிதன்று. சபையார் பாவமெல்லாம் தலையிற் சுமத்தப்பட்டு வனாந்தரத்திற்கு ஓட்டப்படுவது அது. அச்சொல்லிலேதான் எமக்கும் அவருக்கும் வழக்கு.

போக்காடு தான் பாவஞ் செய்ததன்று. அவ்விளைஞருட் பலரோ செய்தவர். பிறர் விடையைத் தன் விடையென்று எழுதிக் கொடுத்தவன் குற்றமற்றவனாகான். பரீட்சையில் ஒருவன் திருடும் மதிப்பெண் அரசாங்கத்தினுடையதன்று. விளக்கெண்ணெய் எரித்துப் படித்த பக்கத்து இருக்கை ஏழை மாணவனுடையது. நாளைப் போர்க்களத்தில் நூறு உயிர்க்குப் பொறுப்பாகப் போகின்றவன் இன்று கணக்கிற் பொய் எழுதலாகாது என்று மேலிடத்தார் சொன்னதும் மறுக்கத்தக்கதன்று. ஆதலின் செய்தவரைத் தண்டித்தது முறையே. இதில் ஆசிரியரின் தந்தையுள்ளம் அவர் கண்ணைச் சிறிது மறைத்தது என்றே கூறுவோம்.

ஆனால் செய்தவனும் கண்டவனும் ஒரே தராசிற் சமமாய் நிறுக்கப்பட்டமை எமக்கு உடன்பாடன்று. வெளியேறியவருட் சிலர், வஞ்சித்ததனாலன்றி, வஞ்சித்த நண்பனைச் சொல்லாமையாற் சென்றனர். வினவியபோது பெரும்பாலோர் உண்மையையே உரைத்தனர். மறுத்திருப்பிற் பலர் தப்பியிருத்தல் கூடும் என்பர். உண்மை சொன்னவனை வெளியேற்றிப் பொய் சொன்னவனைக் காக்கும் விசாரணையால் மானம் வளர்ந்ததா என்பதை அவ்விசாரணையாளர் எண்ணினாரோ, அறியோம்.

நண்பனைக் காட்டிக் கொடுப்பவனை எந்த விடுதியும் நேசிப்பதில்லை. கோள் என்னும் சொல் நம் மொழியில் நன்மொழியாக வழங்கப்பெற்றதுமில்லை. ஆயினும் அதைக் காரணமாய்க் காட்டி வாளாவிருப்பதும் நட்பன்று. அழிவின்கண் செல்வானைத் தடுத்து நிறுத்துவதே நட்பு என நம் பெரியோர் வகுத்தனர். அப்படியாயின் வழி யாது? கிறிஸ்துநாதர் தம் சீடர்க்கு உரைத்த முறையொன்று மத்தேயு சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் உள்ளது. உன் சகோதரன் குற்றஞ் செய்தால் முதலில் நீயும் அவனுமாய்த் தனித்திருக்கையிற் சொல். கேளாவிடின் இரண்டொருவரை உடன்கொண்டு போ. அப்பொழுதும் கேளாவிடின் சபைக்குத் தெரிவி. மூன்று படிகள். வெஸ்ட் பாயின்ட் நெறி முதலிரு படிகளையும் இடித்துவிட்டு, மூன்றாவதன்மேல் இளைஞரைத் தாவச் சொன்னது. பத்தொன்பது வயதினன் ஒருவன் அவ்வளவு உயரம் தாவ அஞ்சினான் எனில், அவன் கோழை என்று எழுதுவதற்கு எம் எழுதுகோல் எழவில்லை. தனியே சென்று நண்பனிடம், “விடு, இது தகாது” என்று சொல்ல அவனுக்கு நெறி இடங்கொடுத்திருப்பின், அத்தொண்ணூறில் எத்தனையோ பேர் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அளவிலேயே திருந்தியிருப்பர். சொல்லியும் கேளாதவனை மேலிடத்துக்குச் சொல்லும் வன்மையும் அவனுக்கு அதனாலேயே பிறந்திருக்கும்.

ஒரே வினாத்தாளை இரு நாள் கொடுத்தவரையும் இங்கே விடலாகாது. கதவைத் திறந்துவைத்துக் காவலனையும் அகற்றிவிட்டு, உள்ளே வந்தவன் மானமிலி என்றால் எப்படி? அன்றியும் ஆட்டக்காரரே மிகுதியாய் அகப்பட்டமைக்குக் காரணம் யாது? அவர் ஏனையோரினும் இழிந்தவர் என்பதன்று. அவர்மேற் சுமத்தப்பட்ட சுமை பெரிது, ஓய்வு சிறிது, தமக்குள்ளேயே கூடி வாழும் வாழ்வும் தனித்தது. அச்சுமையை ஏற்றியவர் யார்? வெற்றியன்றிப் பிறிதொன்றையும் விரும்பாத பிளெய்க்கே. தம் மாணாக்கர்க்காக அவர் வழக்காடியது அன்பு. ஆனால் தம் திடலும் அக்குழியை அகழ்ந்ததில் ஒரு மண்வெட்டி என்பதை அவர் வெளிப்பட ஒப்பியிருந்தால் அவ்வன்பு முழுமை பெற்றிருக்கும். நடுவரின் பிழையைத் தம் பிழையாகக் கொண்டு திருத்திய கார்னெலாரின் தந்தியைக் கையிற் பெற்றவர்க்கு இது தோன்றாமற் போனதே எமக்கு வியப்பு.

இவ்வளவு குறை கூறிய பின்னரும், அவர் தங்கினார் என்பதிலே எம் மனம் தோய்கின்றது. புகழோடு போய்விடுவது எளிது. பிற கலாசாலைகள் கை நீட்டிக் காத்திருக்கும் காலம் அது. எஞ்சிய இளஞ்சிறுவரைக்கொண்டு 1951-இல் ஆடினார். ஒன்பதில் ஏழு தோல்வி. கடற்படைக் கலாசாலை 42-7 என முறியடித்தது. அடுத்த ஆண்டு நான்கு வெற்றி, நான்கு தோல்வி, ஒரு சமம். 1953-இலோ ஏழு வெற்றி, ஒரே தோல்வி, ஒரு சமம்.

அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க்கில் டியூக் சர்வகலாசாலையோடு ஆடிய ஆட்டத்தைச் சொல்லாது செல்ல மனமில்லை. 14-13 என ஓர் எண்ணே மேம்பட்டிருந்த நிலையில், டியூக் வீரன் ஒருவன் பந்தொடு தன்னந்தனியே பாய்ந்து ஓடினான். எழுபது கஜத்துக்குமேல் ஓடிவிட்டான். மிஷாக் என்னும் மாணாக்கன் பின்னின்று துரத்தி, எட்டாது என எல்லாரும் எண்ணிய ஓட்டத்தை எட்டி, கோட்டுக்கு ஏழு கஜத்தில் அவனை வீழ்த்தினான். பின்னர் டியூக் அணி முட்டிய முறை ஒவ்வொன்றையும் அச்சிறுவர் மார்பு கொடுத்து நிறுத்தினர். இம்முறை எவரும் ஐந்தாம் முறை கொடுக்கவில்லை. இருமுறை ஹைஸ்மன் பரிசு பெற்ற அணியைவிட இவ்வணியே அவர்க்கு உரிய சிலை.

1958-இல் அவர்தம் இறுதி அணி எட்டு வென்று ஒன்றிற் சமனுற்றுத் தோல்வியின்றி முடித்தது. அதில் ஒரு புதுமை செய்தார். கார்ப்பெண்டர் என்னும் வீரனை ஏனையோர் கூடித் திட்டம் சூழுமிடத்துக்கு வரவிடாது, திடலின் ஓரத்தே எப்பொழுதும் தனியே நிறுத்தினார். பந்தெறிவோன் காலை வைக்கும் குறிப்பால் அவன் திட்டத்தை அறிவான். ‘தனியன்’ என நாடே அவனை அழைத்தது. எட்டு ஆண்டுக்குப் பின் வியட்நாம் போரில், பகைவர் சூழ்ந்து தம் படை அழியும் நிலை வந்தபோது, தம் இடத்தின்மேலேயே தீக்குண்டு வீசுமாறு விமானங்களை அழைத்த அதிகாரி அவரே. அவ்வணியின் தலைவர் டாக்கின்ஸ் இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் வருந்தியவர். அவ்வாண்டில் ஹைஸ்மன் பரிசும், பின்னர் ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவிச் சம்பளமும் பெற்றார். 1959 ஜனவரியிற் பிளெய்க் ஓய்வு கொண்டார். டார்ட்மத்திலும் வெஸ்ட் பாயின்ட்டிலுமாக அவர் கணக்கு 166 வெற்றி, 48 தோல்வி, 14 சமம்.

வெளியேற்றப்பட்ட இளைஞர் யாதாயினர் என வாசகர் வினவலாம். நோட்டர் டேம் சர்வகலாசாலையிற் சேர்ந்து பயில்வார்க்குச் செலவைத் தாம் ஏற்பதாகப் பெயர் வெளியிடாத செல்வர் ஒருவர் முன்வந்தார். அவர் கால்பந்து ஆடலாகாது என்பது மட்டுமே நிபந்தனை. அச்செல்வர் ஜோசப் கென்னடி எனப் பின்னர் வெளிப்பட்டது. அவர் மகன் ஜான் கென்னடி ஜனாதிபதியான காலத்தில், 1963 செப்டம்பரில், பர்மிங்ஹாம் நகரிற் கறுப்பு மக்களின் ஞாயிறு பள்ளி வேளையில் ஆலயத்தில் வெடிகுண்டு வெடித்துச் சிறுமியர் நால்வர் மாண்டனர். அந்நகரிற் சமாதானம் பேச அவர் அனுப்பிய இருவருள் ஒருவர் பிளெய்க். இருவரும் வெள்ளையர், ஆறாத புண்ணுடையார் அவர்களிடம் நம்பிக்கை வைக்கவில்லை, பெரும் பயன் விளையவுமில்லை. திடலிற் கற்ற அதிகாரம் எல்லா இடத்தும் செல்லாது.

1976-இல் வெஸ்ட் பாயின்ட்டில் மீண்டும் ஒரு பரீட்சை வழக்கு எழுந்தது. வீட்டிற்கு எடுத்துச் சென்று தனித்தனியே செய்யவேண்டிய மின்னியற் கணக்கைக் கலந்து செய்தார் என 150-க்கு மேற்பட்டோர் வெளியேறினர். இம்முறை கால்பந்தைக் குற்றஞ் சாட்ட வழியில்லை. ஆராயும் குழுவிற்குத் தலைவராய் அமர்ந்தவர் பிராங்க் போர்மன். 1968 கிறிஸ்துமஸ் இரவில் சந்திரனைச் சுற்றிக்கொண்டே ஆதியாகமத்தை வாசித்த வான்செலவினர் மூவருள் ஒருவர். மாணாக்கராய் இருந்த நாளிற் பிளெய்க்கின் அணிக்கு உடைமைகளும் பிறவும் மேற்பார்த்த நிர்வாக மாணவர் இவர். 1951-இல் வெளியேறியவருட் பலரை நேரில் அறிந்தவர். பிழை மாணாக்கருடையது மட்டுமன்று, கலாசாலைக்கும் அதிற் பங்குண்டு என அவர் குழு எழுதியது. வெளியேறியவர் ஓராண்டு கழித்துத் திரும்பி வரலாம் என அரசாங்கம் இசைந்தது. பெரும்பாலோர் திரும்பி வந்து பயின்று அதிகாரிகளாயினர். 1951-ஆம் ஆண்டு இளைஞர்க்கு அச்சொல் வழங்கப்படவில்லை. அவ்வறிக்கை வெளிவந்தபோது பிளெய்க்குக்கு வயது 79.